இரண்டு மஞ்சள்

அம்பத்தூரிலோ ஆவடியிலோ பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிற வீட்டில் பழைய வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். பெரும்பாலும் அதில் இரண்டு விதமான மஞ்சள் இருக்கும். மார்புப் பக்கம் பொட்டுப் பொட்டாகத் தெரிவது மத்தியானச் சாம்பார் சிந்திய இடம். சட்டை முழுக்க, அதிலும் தையல் மடிப்பிலும் காலர் ஓரத்திலும் மங்கலாகப் படிந்திருப்பது போர் தண்ணீரின் கைவரிசை. இந்தச் சட்டையை ப்ளீச் கலந்த தண்ணீரில் ஊறப்போட்டால் சாம்பார்ப் பொட்டு வெளுத்துவிடும். போர் தண்ணீர் மஞ்சள் முன்னைவிட அழுத்தமாகிவிடும். ப்ளீச்சுக்குப் பதில் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்தால் எல்லாம் தலைகீழ். சாம்பார்ப் பொட்டு அசைந்துகொடுக்காது, போர் தண்ணீர் மஞ்சள் மட்டும் கரைந்து போகும். கண்ணுக்கு இரண்டும் மஞ்சள்தான். ஆனால் ஒன்றைத் தீர்க்கிற சரக்கு மற்றொன்றை முற்றவைக்கிறது.

கறை போக்கும் வீட்டுக் குறிப்புகளில் சில பலிப்பதும் பல பொய்ப்பதும் இதனால்தான். டூத்பேஸ்ட் தடவு, கோலாவில் ஊறவை, வினிகரையும் சோடா உப்பையும் கலந்து ஊற்று என்று ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். என்ன கறை, எந்தத் துணி என்று யாரும் கேட்பதில்லை. (வினிகரும் சோடா உப்பும் சேர்ந்தால் நுரை பொங்குவது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்ட பிறகு மிஞ்சுவது கொஞ்சம் உப்புத் தண்ணீர்.) நிறம் எங்கிருந்து வருகிறது, அந்தப் பொருள் நூலை எப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்ற இரண்டும் தெரிந்தால், எதைப் போடலாம் என்பது பாதி விளங்கிவிடும்.

முதலில் சாம்பார். மஞ்சள் கிழங்குக்கு நிறம் தருவது குர்குமின் என்ற பொருள். 1815-இல் வோகல், பெல்லத்தியே என்ற இரண்டு வேதியியலாளர்கள் அதைப் பிரித்தெடுத்தார்கள். அதன் உள்ளமைப்பு பிடிபட மேலும் நூறு வருடம் போல ஆயிற்று, 1910-இல்தான் தெரிந்தது. இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு கார்பன் வளையம், நடுவில் ஏழு கார்பன் அணுக்கள் கோத்த தொடர். ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வருவதால் அந்தத் தொடரிலுள்ள எலக்ட்ரான்கள் ஓர் இடத்தில் கட்டுண்டு கிடக்காமல் நீளவாக்கில் உலாவுகின்றன. அப்படி உலாவும் எலக்ட்ரான்கள் நீலமும் ஊதாவும் சேர்ந்த ஒளியை, ஏறக்குறைய 425 நானோமீட்டர் அலைநீளத்தில், விழுங்குகின்றன. வெள்ளை ஒளியில் நீலத்தை எடுத்துவிட்டால் மிச்சம் மஞ்சளாகத் தெரியும். அந்தத் தொடர் நடுவில் எங்காவது அறுந்தால் நிறம் போச்சு. பொருளின் துண்டுகள் துணியிலேயே கிடந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

சாம்பார்க் கறையில் சோப்பு பட்டதும் பொட்டு திடீரென்று சிவந்துவிடும். புதிதாகத் துவைக்கிறவர்கள் சாயம் ஒட்டிவிட்டதோ என்று பதறுவார்கள். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்ததும் நடப்பது இதேதான். சோப்பு, சுண்ணாம்பு இரண்டும் காரம். காரம் குர்குமினிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொள்கிறது. அப்போது எலக்ட்ரான்கள் இன்னும் தளர்ந்து, நீலத்தோடு பச்சை ஒளியையும் விழுங்கத் தொடங்குகின்றன; மிஞ்சுவது சிவப்பு. நன்றாக அலசினாலோ ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டாலோ மஞ்சள் திரும்பிவிடும். ஆய்வுக்கூடங்களில் காரத்தைக் கண்டுபிடிக்க மஞ்சள் தோய்த்த காகிதத்தைப் பயன்படுத்தும் வழக்கம் உண்டு. நமக்கு அதன் மறுபக்கம் உதவும்: ஒரு கறை மஞ்சள் கிழங்குதானா என்று சந்தேகம் வந்தால் ஈரச் சோப்பை ஓரத்தில் தொட்டு வையுங்கள். சிவந்தால் அதுதான்.

குர்குமின் தண்ணீரில் கரைவதே இல்லை என்று சொல்லிவிடலாம். எண்ணெயிலும் சாராயத்திலும் கரையும். தாளித்த எண்ணெய் அதைத் தூக்கிக்கொண்டு நூலுக்குள் புகுந்துவிடுகிறது. பல இயற்கைச் சாயங்களுக்குப் பருத்தியில் ஒட்டப் படிகாரம் போன்ற பிடிப்பான் தேவை. மஞ்சளுக்கு அதுவும் வேண்டாம், தானாகவே ஒட்டிக்கொள்ளும். ஆகவே வெறும் தண்ணீரில் தேய்த்துக் கை வலிக்க வேண்டியதில்லை. பாத்திரம் கழுவுகிற திரவத்தை நேராகக் கறைமேல் விட்டு எண்ணெயை எடுத்துவிடுங்கள். மிஞ்சும் மஞ்சளை வெயில் பார்த்துக்கொள்ளும்.

இது பாட்டி வைத்தியம் அல்ல. 1986-இல் நார்வேயின் ஹன்னே தொன்னெசனும் அவருடைய சகாக்களும் குர்குமின் கரைசலை ஒளியில் வைத்து, என்னவெல்லாம் உடைந்து விழுகிறது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். நடுத்தொடர் அறுந்து சிறு சிறு துண்டுகளாகியிருந்தது. அவற்றில் ஒன்று வெனிலின். ஐஸ்கிரீமில் மணக்கிற அதே வெனிலாப் பொருள். மொட்டை மாடிக் கொடியில் சாம்பார்ப் பொட்டு மறைவதும் இந்த அறுபடலால்தான். ப்ளீச்சும் அந்தத் தொடரைத்தான் வெட்டுகிறது. வெயில் அதை மெதுவாக, நூலுக்குச் சேதம் குறைவாக, காசில்லாமல் செய்கிறது. சித்திரை வெயிலை வைத்துக்கொண்டு சாம்பார்க் கறைக்கு ப்ளீச் வாங்குவது வீண் செலவு என்பது என் கட்சி.

இனி அந்த இரண்டாவது மஞ்சள்.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964-இல் வந்தது. அதைச் சுற்றியும், ஆவடி ராணுவத் தொழிற்சாலைகளைச் சுற்றியும், பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டியும் வீடுகள் முளைத்த வேகத்துக்குக் குடிநீர்க் குழாய் ஓடி வரவில்லை. குடிக்கக் கேன் தண்ணீர், மற்ற எல்லாவற்றுக்கும் போர் என்று பல தெருக்கள் பழகிவிட்டன. சில இடங்களில் அந்தத் தண்ணீருக்கு ஒரு குணம் உண்டு. மோட்டார் போட்டதும் வாளியில் விழும்போது பளிங்கு மாதிரி இருக்கும். வேறு வேலை பார்த்துவிட்டு வந்து பார்த்தால் மஞ்சள் தட்டியிருக்கும். மறுநாள் காலையில் அடியில் காவி நிறத்தில் வண்டல், மேலே மெல்லிய ஆடை. பாத்ரூம் டைல்ஸில் குழாயிலிருந்து சாக்கடை வரை பழுப்புக் கோடு.

மண்ணுக்கு அடியில் பாறைகளில் இரும்பு ஏராளம். அங்கே காற்று இல்லை. காற்றில்லாத இடத்தில் இரும்பு அணு இரண்டு எலக்ட்ரான்களை மட்டும் இழந்த நிலையில் தண்ணீரில் கரைந்திருக்கும். அந்த நிலையில் அதற்கு நிறமே கிடையாது என்று சொல்லலாம். மோட்டார் அதை மேலே இழுத்து வந்து காற்றில் கொட்டியதும் ஆக்சிஜன் மூன்றாவது எலக்ட்ரானையும் பறித்துவிடுகிறது. மூன்றை இழந்த இரும்பு தண்ணீரில் கரைந்திருக்க முடியாமல் துருத் துகளாகத் திரண்டு விழுகிறது. வாளியில் நீங்கள் பார்க்கும் காவி அதுதான். ஒரு லிட்டரில் 0.3 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருந்தாலே துணியிலும் குழாய்ச் சாமான்களிலும் கறை பிடிக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நூறு லிட்டர் தண்ணீருக்கு வெறும் 30 மில்லிகிராம். உடம்புக்கு அது பெரிய விஷயமில்லை, வெள்ளைச் சட்டைக்குத்தான் ஆகாது.

தெளிவாக இருக்கிற தண்ணீரில்தானே துவைத்தோம், பிறகு எப்படி மஞ்சள் வந்தது என்ற கேள்வி பலருக்கு உண்டு. அதற்கான பதில் சோப்புத்தூளில் இருக்கிறது. தண்ணீரில் உள்ள இரும்பை ஆக்சிஜன் எவ்வளவு வேகத்தில் மாற்றுகிறது என்று வெர்னர் ஸ்டம், ஃப்ரெட் லீ என்ற இருவர் அமெரிக்காவில் அளந்து 1961-இல் வெளியிட்டார்கள். காரத்தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவு ஒரு படி ஏறினால் இந்த வேகம் நூறு மடங்கு கூடுகிறது என்று கண்டார்கள். நிலத்தடி நீர் பெரும்பாலும் பி.எச். 7-ஐ ஒட்டி இருக்கும். சோப்புத்தூள் கரைசல் 10-ஐத் தொடும். நூறு மடங்குக் கணக்கு அவ்வளவு தூரத்துக்கு அப்படியே நீளாது. ஆனாலும் மணிக்கணக்கில் வாளியில் நடக்க வேண்டியது சோப்புத்தூளைக் கொட்டிய சில நொடிகளிலேயே நடந்து முடிகிறது. அந்த நேரத்தில் வாளிக்குள் இருப்பது உங்கள் சட்டை. துரு அதன் நூலுக்கு உள்ளேயே திரள்கிறது.

சாயப் பட்டறைக்காரர்கள் வேண்டுமென்றே செய்ததும் இதுதான். துணியை இரும்பு உப்புக் கரைசலில் தோய்த்து, காரத்தில் முக்கி, காற்றாட விட்டால் பழுப்பு மஞ்சள் சாயம் ஏறிவிடும். செயற்கைச் சாயங்கள் வருமுன் அது மலிவான, கெட்டியான சாயம். 1884-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஃப்ரெடரிக் கேட்டி என்பவர் காக்கிச் சாயத்துக்குக் காப்புரிமை பெற்றார். இரும்பு ஆக்சைடும் குரோமியம் ஆக்சைடும் நூலுக்குள் திரளுமாறு செய்யும் இந்தக் கனிமக் காக்கி, வெயிலுக்கும் வெளுப்புக்கும் அசையாது என்பதால் படைவீரர் உடுப்புக்குத் தோதாக இருந்தது. ஆவடியில் 1961 முதல் ராணுவ உடுப்பு தைக்கும் தொழிற்சாலை இருக்கிறது. இன்றைய உடுப்புகளின் சாயம் வேறு. ஆனால் அந்தத் தொழிற்சாலையைச் சுற்றியுள்ள வீடுகளில், சலவை வாளிதோறும் பழைய காக்கிச் சாயத்தின் பாதி வேலை இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கிறது.

இப்போது ப்ளீச் ஏன் தோற்கிறது என்பது விளங்கும். ப்ளீச்சின் தொழில் எலக்ட்ரானைப் பறிப்பது, அதாவது ஆக்சிஜனேற்றம். குர்குமின் தொடரில் அது பலிக்கிறது. துருவோ ஏற்கெனவே கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடித்துவிட்டது. அதனிடம் பறிக்க ஒன்றும் இல்லை. அதோடு, தண்ணீரில் இன்னும் கரைந்திருக்கிற மிச்ச இரும்பையும் ப்ளீச் துருவாக்கித் துணியில் படியவைக்கிறது. சட்டையில் உள்ள காவி கூடுவது அதனால்தான். ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்ந்த வெளுப்பான்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. துரு இருக்கும் இடத்தில் பெராக்சைடு கட்டுக்கடங்காமல் உடைந்து பருத்தி நாரையே அரித்துவிடும். அந்த இடத்தில் ஊசி குத்தின அளவில் ஓட்டை விழும். துணி ஆலைகளில் வெளுக்கும் முன் இரும்பை நீக்கிவிடுவதில் கண்டிப்பாக இருப்பார்கள்.

எலுமிச்சை வேறு வழியில் போகிறது. அதிலுள்ள சிட்ரிக் அமிலத்தின் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரும்பைப் பற்றக்கூடிய கைகள் மூன்று உண்டு. துருவிலிருந்து ஓர் இரும்பு அணுவைப் பல பக்கமிருந்தும் வளைத்துப் பிடித்து, தண்ணீரில் கரையும் கூட்டாக்கி வெளியே கொண்டுவந்துவிடுகிறது. இப்படிப் பிடிப்பதைக் கொடுக்கிணைப்பு என்கிறார்கள். எலுமிச்சை தேய்த்த துணியை வெயிலில் வைக்கச் சொல்வார்களே, அதற்கும் பொருள் இருக்கிறது. 1842-இல் ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய வானியலாளர் சிட்ரேட்டோடு சேர்ந்த இரும்பைக் காகிதத்தில் பூசி வெயிலில் வைத்தார். ஒளி பட்ட இடத்தில் சிட்ரேட் தன் எலக்ட்ரானை இரும்புக்குக் கொடுத்துவிட, மூன்றை இழந்த இரும்பு இரண்டை இழந்த பழைய நிலைக்குத் திரும்புகிறது. அவர் அதை வேறொரு பொருளோடு சேர்த்து நீல நிறமாக்கிப் படம் எடுத்தார். பொறியாளர்களின் பழைய ‘ப்ளூ பிரிண்ட்’ பிறந்தது அப்படித்தான். நமக்கு நீலம் வேண்டாம், முதல் பாதி போதும். துரு மறுபடி பாதாளத்தில் இருந்த நிறமற்ற, கரையும் நிலைக்குப் போய்விடுகிறது, அலசினால் வந்துவிடும். ஆக, இரண்டு மஞ்சளுக்கும் வெயில் உதவுகிறது, வேலைதான் வேறு: ஒன்றில் வெட்டுகிறது, மற்றொன்றில் சிட்ரேட்டைக் கொண்டு இரும்புக்கு எலக்ட்ரானைத் திருப்பித் தருகிறது. எலுமிச்சை இல்லாமல் வெறும் வெயிலில் துருவைப் போட்டால் ஒன்றும் நடக்காது.

எலுமிச்சையைவிட வலுவானது ஆக்சாலிக் அமிலம். புளியாரைக் கீரையின் புளிப்பு அதிலிருந்துதான் வருகிறது. பிலிம்பிக்காயிலும் அது நிறைய உண்டு; கேரளத்திலும் இலங்கையிலும் அந்தக் காயை நறுக்கித் துருக்கறையில் தேய்ப்பார்கள். கடையில் தூளாகக் கிடைக்கும் ஆக்சாலிக் அமிலம் விஷம். கையுறை இல்லாமல் தொடக்கூடாது, குழந்தைகள் எட்டுகிற இடத்தில் வைக்கக்கூடாது, தண்ணீர் பாட்டிலில் கரைத்து வைப்பது அதைவிட மோசம். டாய்லெட் கழுவும் ஆசிட்டைச் சட்டையில் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். துரு போகும், கூடவே பருத்தியின் செல்லுலோஸ் சங்கிலி அறுந்து, நாலு துவைப்பில் அந்த இடம் பொத்தல் விழும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: ப்ளீச் போட்டது பலிக்கவில்லையே என்று அதே வாளியில் எலுமிச்சையையோ ஆசிட்டையோ ஊற்றாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவடைத்த பாத்ரூமில் அது உயிருக்கு ஆபத்து. முதலில் போட்டதை முழுக்க அலசி எடுத்த பிறகே அடுத்தது.

கறை வந்தபின் போராடுவதைவிடத் தண்ணீரை முதல் நாளே ஏமாற்றிவிடுவது சுலபம். ராத்திரியே போர் தண்ணீரைத் திறந்த தொட்டியில், கொஞ்சம் உயரத்திலிருந்து விழும்படி பிடித்து வையுங்கள். விழும்போது காற்று கலக்கும். விடிவதற்குள் இரும்பில் பெரும்பகுதி துருவாகி அடியில் தங்கிவிடும். மேலே உள்ள தெளிவை மட்டும் மொண்டு துவைத்தால் சோப்புத்தூளுக்கு வேலை கொடுக்க இரும்பு மிஞ்சாது. நகராட்சிகளில் இரும்பு நீக்கும் நிலையங்களும் அடிப்படையில் இதைத்தான் செய்கின்றன.

தொழிற்பேட்டை லேத் பட்டறையில் வேலை பார்க்கிறவரின் சட்டையில் மேற்சொன்ன இரண்டு சிக்கலும் ஒன்றாகச் சேர்ந்து வரும். கிரீஸ் கறை என்று நாம் சொல்வது வெறும் எண்ணெய் இல்லை. கடைசல் பிடிக்கும்போது உதிர்ந்த, கண்ணுக்குத் தெரியாத இரும்புத் தூள் அதற்குள் ஊறிக் கிடக்கும். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, சோப்புப் போட்டுக் கசக்கினால் கறுப்பு போய்விடும். அப்பாடா என்று உலர்த்துவார்கள். இரண்டு நாளில் அதே இடம் செம்பழுப்பாகும். எண்ணெய் போனதால் காற்றுக்கு வெளிப்பட்ட இரும்புத் தூள் துருப்பிடித்துவிட்டது. ஆகவே அங்கே வரிசை முக்கியம்: முதலில் எண்ணெயை எடுக்க மண்ணெண்ணெய், மண்ணெண்ணெயை எடுக்கப் பாத்திரச் சோப்பு, நன்றாக அலசியபின் எலுமிச்சை. எண்ணெய் மூடியிருக்கும்போதே எலுமிச்சையைத் தேய்த்தால் அது இரும்பைத் தொடவே தொடாது. மண்ணெண்ணெய் தொட்ட துணியை அப்படியே வாஷிங் மெஷினில் போடக்கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சோப்பு எண்ணெயை எடுக்கிற விதம் பள்ளிப் பாடத்தில் வருவதுதான். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரை விரும்பும், மறுமுனை எண்ணெயை விரும்பும். எண்ணெய் முனைகள் கறைக்குள் குத்தி நிற்க, தண்ணீர் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டு அதை உருண்டையாக்கித் தண்ணீரில் மிதக்கவிடுகின்றன. நீரின் மேற்பரப்பில் இப்படிப்பட்ட பொருள்கள் எப்படிப் பரவுகின்றன என்று முதலில் ஒழுங்காக அளந்தவர்களில் ஒருவர், கல்லூரிப் பக்கமே போக முடியாத ஜெர்மானியப் பெண் ஆக்னெஸ் போக்கெல்ஸ். வீட்டுச் சமையலறையில், தகரத் தொட்டியும் தராசுத் தட்டும் வைத்துக்கொண்டு அவர் செய்த அளவீடுகளை 1891-இல் ஆங்கில இயற்பியலாளர் ராலே பிரபுவுக்குக் கடிதமாக எழுத, ராலே அதை ‘நேச்சர்’ இதழில் வெளியிடச் செய்தார். பரப்பு இழுவிசையை அளக்க இன்றுவரை ஆய்வுக்கூடங்களில் இருக்கிற தொட்டிக்கு அதுதான் முன்னோடி.

ஆனால் ஒரு கேள்வி சமீப காலம் வரைக்கும் ஆராய்ச்சியாளர்களையே குழப்பியது. நூல் என்பது பல நூறு நார்கள் முறுக்கிய கயிறு. அழுக்குத் துகள் அந்த நார்களின் இடுக்குக்குள் இருக்கிறது. வாஷிங் மெஷின் எவ்வளவு வேகமாகச் சுழற்றினாலும் தண்ணீர் நூலைச் சுற்றிக்கொண்டுதான் ஓடுகிறது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பஸ்கள் பறந்துகொண்டிருக்க, பக்கத்து முட்டுச்சந்தில் மாட்டிய ஆட்டோ நகராமல் நிற்பதுபோலத் துகள் இடுக்கிலேயே நிற்கிறது. தானாக ஊர்ந்து வெளியே வருமென்று கணக்குப் போட்டால் மணிக்கணக்காகும். நடைமுறையில் சில நிமிடங்களில் வந்துவிடுகிறதே, எப்படி?

சாங்வூ ஷின், பேட்ரிக் வாரன், ஹோவர்ட் ஸ்டோன் ஆகிய மூவர் 2018-இல் இதற்கு விடை சொன்னார்கள். ஒரு பக்கம் மூடிய நுண்ணிய குழிகளைச் செய்து, அதில் சோப்புக் கரைசலையும் துகள்களையும் நிரப்பி, குழியின் வாயருகே நல்ல தண்ணீரை ஓடவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். உள்ளே சோப்பு அதிகம், வெளியே சோப்பு இல்லை என்ற ஏற்றத்தாழ்வு உண்டானதுமே, அந்தச் சரிவு துகள்களை இழுத்துக்கொண்டு வெளியே வந்தது. இதைச் செறிவுச்சரிவு நகர்வு என்று சொல்லலாம். உள்ளேயும் வெளியேயும் ஒரே சோப்புத் தண்ணீர் இருக்கிறவரை துகள் அசையவில்லை. அதாவது துவைப்பில் இடுக்கு அழுக்கு வெளியேறுவது பெரிதும் சோப்பில் குமுக்கும்போது அல்ல, நல்ல தண்ணீரில் அலசும்போது. கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கிற தெருக்களில் முதலில் வெட்டு விழுவது அலசலுக்குத்தான். ஒரே வாளியில் மூன்று துணியை முக்கி எடுப்போம். சோப்பைக் குறைத்துவிட்டு அந்தத் தண்ணீரை அலசலுக்கு வைத்துக்கொள்வது மேல்.

ரத்தம், பால், முட்டை பற்றி ஒரு வார்த்தை போதும். இவை புரதம். வெந்நீர் பட்டால் முட்டை வேகிற மாதிரி நூலிலேயே வெந்து இறுகிவிடும். பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, நொதி சேர்ந்த சோப்புத்தூளைப் போட்டால் நொதி புரதத்தைத் துண்டு துண்டாக்கிவிடும். விலங்குக் கணையத்திலிருந்து எடுத்த நொதியைத் துணி துவைக்கப் பயன்படுத்த 1913-லேயே ஜெர்மனியில் ஓட்டோ ரோம் காப்புரிமை வாங்கினார்.

எதற்கும் மசியாத கறை என்றால் அது வாழைக்கறைதான். கோயம்பேட்டில் வாழைத்தார் இறக்குகிறவர்களின் துண்டில் எத்தனை விதமான பழுப்பு இருக்கிறது என்று பாருங்கள். தண்டிலிருந்து வடியும்போது அந்தச் சாறு ஏறக்குறையத் தண்ணீர் நிறத்தில் இருக்கும். அதில் ஃபீனால் வகைப் பொருள்கள் கரைந்திருக்கின்றன. கூடவே அவற்றை ஆக்சிஜனோடு சேர்த்துவைக்கும் நொதியும் இருக்கிறது. வாழைப்பழத் தோல் கறுப்பதற்கும் இதே நொதிதான் காரணம். அது முக்கியமாகக் கைவைக்கிற பொருள் டோபமின் என்று 1959-இல் கண்டறிந்தார்கள். நம் மூளையில் வேலை செய்கிற அதே டோபமின். காற்றுப் பட்டதும் இந்தச் சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பெரிய பழுப்புப் பின்னலாகிவிடும். நாருக்குள் நுழையும்போது சின்னது, உள்ளே போனபின் பெரியது. இனி எந்தக் கரைப்பானும் அதை முழுசாக வெளியே எடுக்காது. வெள்ளைப் பருத்தியாக இருந்தால் ப்ளீச் கொஞ்சம் வெளுக்கும், சாயத் துணி என்றால் சாயம்தான் முதலில் போகும். சாறு பட்ட அடுத்த நிமிடமே, பழுக்கும் முன், சோப்புப் போட்டு அலசுவது ஒன்றே வழி.

அந்தத் துணியைப் போர் தண்ணீரில் துவைத்தால் பழுப்பு கறுப்பாகிறது. தாவர ஃபீனால்களும் இரும்பும் சந்தித்தால் கறுக்கும். இரும்புச்சத்து மிகுந்த தண்ணீரில் போட்ட டீ கறுத்துப்போவதும் இதனால்தான். டீக்கறை பட்ட துணியைத் துருத் தண்ணீரில் அலசுகிறவர்கள் தெரியாமல் மை காய்ச்சுகிறார்கள். கும்பகோணம் பக்கத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கோயில் விதானங்களுக்குக் கலம்காரி எழுதுகிறவர்கள் இதைத் தெரிந்தே செய்கிறார்கள். துணிக்குக் கடுக்காய்ச் சாறு ஊட்டி, துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் பல நாள் ஊறவைத்து எடுத்த கரைசலால் கோடு இழுத்தால், இழுத்த இடம் கறுக்கும்.

கறை அழியக்கூடாது என்று விரும்பியவர்களில் சலவைத் தொழிலாளர்களும் உண்டு. நூறு வீட்டுத் துணியை ஒன்றாக உவர்மண்ணில் தோய்த்து வெள்ளாவி வைக்கும்போது எது யாருடையது என்று தெரிய வேண்டும். அதற்குச் சேங்கொட்டையை ஊசியால் குத்தி, வடியும் சாற்றைக் காலரின் உட்புறத்தில் தொட்டு வைத்து, சுண்ணாம்பு தடவுவார்கள். வாழைச்சாற்றின் வேதியியல்தான், இன்னும் முரட்டுத்தனமான வடிவில். காரமும் காற்றும் பட்டுக் கறுத்த அந்தக் குறி, துணி கிழிகிறவரை இருக்கும். அடையாளம் தெரியாத உடல்களின் உடையில் உள்ள சலவைக் குறியை வைத்துப் போலீஸ் ஆள் யாரென்று துப்புத் துலக்குவதும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் இந்தியாவில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் பலருக்குப் பிடரியிலும் இடுப்பிலும் காரணம் தெரியாமல் அரிப்பும் கொப்புளமும் கண்டன. ராணுவ மருத்துவர்கள் மூவர் 1943-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் அதன் காரணத்தை எழுதினார்கள்: கொப்புளம் கண்ட இடங்கள், உடுப்பில் சலவைக் குறி தோலைத் தொட்ட இடங்கள். சேங்கொட்டை மரமும் அமெரிக்கக் காடுகளில் படரும் பாய்சன் ஐவி கொடியும் ஒரே குடும்பம்; இரண்டின் சாற்றிலும் இருக்கும் ஃபீனால்கள் நெருங்கிய உறவு. சொந்த ஊரில் அந்தக் கொடியில் உரசி ஏற்கெனவே ஒவ்வாமை வந்த உடம்பு, இங்கே காலரில் இருந்த கரும்புள்ளியையும் அதே எதிரியாகத்தான் எடுத்துக்கொள்ளும்.